சுவருக்குப் பவர் கண்ணாடி

கொல்லைப்புறமாக வாருங்கள். முன்வாசல் ஜன்னலில் ஒரு கேமரா உட்கார்ந்திருக்கிறது. அதன் கண்ணில் பட்டால் நம்மைச் சுற்றி ஒரு பச்சைப் பெட்டியை வரைந்துவிடும். அந்தக் கதைக்கு அப்புறம் வருவோம். இப்போதைக்குச் செருப்பைக் கிணற்றடியில் கழற்றிவிட்டு, துவைக்கிற கல்லை ஒட்டி நடந்து, தலையைக் குனிந்துகொள்ளுங்கள். நிலைப்படி தாழ்வு. நேற்றிலிருந்து நான்கு பேர் இடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஐந்தாவது.

மயிலாப்பூரில், கச்சேரி சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது இந்த வீடு. முற்றம், திண்ணை, பரண் எல்லாம் வைத்த பழைய வீடு. அடுத்த மாதம் இடிக்கிறார்கள், ஃபிளாட் வருகிறது. மகனுடைய அப்பார்ட்மென்ட்டுக்குக் குடிபோய்விட்ட வீட்டுக்கார மாமி, நடுவில் கிடைத்த பத்து நாளை ஆறு இளைஞர்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். "சுவத்துல ஆணி அடிக்கலாமான்னு கேட்டா. இடிக்கப் போற வீட்டுக்கு ஆணியா பெருசு, அடிச்சுக்கோங்கோன்னுட்டேன்."

அந்த ஆறு பேரில் இருவர் எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர்கள். 1850-ல் தொடங்கிய கல்லூரி அது. வந்தவர்கள் கையில் இருப்பதோ சாலிடரிங் அயர்ன். ஒருத்தி கட்டடக்கலை படித்தவள், என் அக்கா மகளின் தோழி. எனக்குக் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டவள் அவள்தான். இன்னும் இருவர் கம்ப்யூட்டர் ஆட்கள். ஆறாவது பையனுக்கு என்ன வேலை என்று மற்ற ஐந்து பேருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவன் டீ வாங்கப் போனால் வீடே ஸ்தம்பித்துவிடுகிறது.

நாளைக் காலை ஒன்பதுக்குத் திறப்பு. தொழில்நுட்பத்தின் கண்ணுக்கும் மனிதக் கண்ணுக்கும் இந்த ஊர் எப்படித் தெரிகிறது என்பதுதான் காட்சியின் விஷயம். இன்றைக்கு மணி எட்டு. பங்குனி வெயில் இப்போதே முற்றத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. என்னை உள்ளே விடுவதற்கு இரண்டு நிபந்தனைகள்: எதையும் தொடக்கூடாது, எதன் மேலும் உட்காரக்கூடாது. முதலாவதை ஒரு மணி நேரம் காப்பாற்றினேன். இரண்டாவதை ஆறே நிமிடத்தில் மீறினேன்.

என்மேல் தப்பில்லை. கூடத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். ஒரு மூலையில் ஒயர் மலை, பக்கத்தில் இன்சுலேஷன் டேப் சுருள்கள், பாதி தின்ற பட்டர் பிஸ்கட், ரிச்சி தெருவில் வாங்கிய சென்சார்கள் நிறைந்த ஒரு ஸ்வீட் டப்பா, அதன்மேல் யாரோ காயப்போட்ட துண்டு. தரையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் நாலு மெதுவடை, மேலே ஒரு சீட்டு: "சாப்பிடாதே. இது ஒர்க்." இன்னொரு தட்டில் இட்லி. அதற்குச் சீட்டு இல்லை, அது நிஜமான டிபன். இந்தக் காட்டில் கலைப்பொருள் எது, குப்பை எது என்று கண்டுபிடிக்க நான் யார்? சும்மா கிடந்த ஒரு பச்சை ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"கல்லுப்பேய்... உப்பேய்..." என்று என் அடியிலிருந்து ஒரு குரல் வீறிட்டது.

நான் எழும்பிய உயரத்தை அங்கிருந்தவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். "ஒண்ணும் இல்ல சார், உட்காரத்தான் செஞ்சது. உட்கார்ந்தா சத்தம் வரும். ஆனா பெயின்ட் இன்னும் காயல" என்றாள் ஸ்டூலின் சிருஷ்டிகர்த்தா. திரும்பிப் பார்த்தேன். பேன்ட்டில் ஒரு பச்சை வட்டம். அன்று முழுக்க அந்த வட்டத்தோடுதான் சுற்றினேன். கேமரா பெட்டி போடும் முன்பே ஸ்டூல் எனக்கு முத்திரை குத்திவிட்டது.

இப்படி ஆறு ஸ்டூல். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு தெரு வியாபாரியின் குரல். கவனித்திருப்பீர்கள், இப்போதெல்லாம் தெருவில் யாரும் தொண்டையால் கூவுவதில்லை. வண்டியில் ஒரு சின்ன ஸ்பீக்கர், அதில் ஒரு பென் டிரைவ், ஒரே வாக்கியம் நாள் முழுக்கச் சுழலும். ஆளின் வாய் மூடியிருக்கும், குரல் மட்டும் தெருவைச் சுற்றும். அந்தப் பதிவுகளைத்தான் வாங்கிவந்து ஸ்டூலுக்குள் அடைத்திருக்கிறாள். பழைய பேப்பர்காரர் தன் குரலைக் கேட்டுப் பார்க்க அன்று காலையே வந்துவிட்டார். ஸ்டூலைச் சுற்றி ஒரு முறை நடந்தார், உட்காரவில்லை (பெயின்டைப் பார்த்துவிட்டார், என்னைவிடக் கெட்டிக்காரர்), கையால் அமுக்கிக் கேட்டார்.

"இது பழசும்மா. வெயிட் மெஷின் இருக்குன்னு இப்ப சேத்திருக்கேன்."

உடனே புதுப் பதிவு என்று முடிவாயிற்று. முற்றத்தில் நிற்க வைத்து, முகத்துக்கு முன்னால் மைக்கை நீட்டினார்கள். மனிதர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். வரவில்லை. "வாயால கூவி மூணு வருஷம் ஆச்சு" என்று சிரித்தார். மூன்றாம் முறை வந்தது பாருங்கள், முற்றத்துத் தகரம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில், பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட வந்திருந்த மாமி உள்ளேயிருந்து வேகமாக வெளியே வந்தார், கையில் ஒரு கட்டுப் பழைய இந்து பேப்பரோடு. பதிவு பாழ். பேப்பருக்குக் காசு உண்டு.

அடுத்தது அடுக்களை. இங்கே கொஞ்ச நேரம் நிற்கப் போகிறோம், சொல்லிவிட்டேன்.

ஜன்னலை அடைத்து இருட்டாக்கியிருக்கிறார்கள். தரையில் கொலுப் பொம்மை ரயிலின் தண்டவாளம், அடுப்படியைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. எஞ்சினின் மூக்கில் கடுகு சைஸுக்கு ஒரே ஒரு எல்இடி. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் மாமியின் பரணிலிருந்து இறங்கிய பாத்திரங்கள். ஒரு பையன் வயிற்றை அழுத்திக் குப்புறப் படுத்திருந்தான். இரண்டு முழங்கையிலும் கரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு தீக்குச்சியால் ஒரு முறுக்கு அச்சை நகர்த்திக்கொண்டிருந்தான்.

"சார், அந்தத் தேங்காய்த் துருவியை ஒரு நூல் இந்தப் பக்கம் தள்ளுங்க."

தொடக்கூடாது என்ற முதல் நிபந்தனையும் அங்கே போயிற்று. ஒரு நூல் தள்ளினேன். என் வாழ்நாளில் நவீனக் கலைக்கு நான் செய்த பங்களிப்பு அந்த ஒரு நூல்.

ரயிலை விட்டான். அடடா!

சுவரில் ஒரு நகரம் எழுந்தது. நாலடுக்கு இட்லித் தட்டு, வரிசை வரிசையாக பால்கனி வைத்த அடுக்குமாடியாகி விட்டது. முறுக்கு அச்சுகள் மேம்பாலத் தூண்கள். காபி ஃபில்டர் ஒரு தண்ணீர் டேங்க். துருவி, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் கிரேன். இடியாப்பத் தட்டின் பொடி ஓட்டைகள் கூரை முழுவதும் நட்சத்திரங்களாக இறைந்தன. ரயில் நெருங்க நெருங்க நிழல் வளர்கிறது. கட்டடங்கள் நம் மேலேயே சாய்ந்து, தலைக்கு மேலே வழுக்கிக்கொண்டு பின்னால் போகின்றன. நின்ற இடத்தில் நிற்கும் நமக்கு, ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கிற மயக்கம். கடைசி வளைவில் ஒரு ஜல்லிக்கரண்டி, சுவர் அகலத்துக்கு ஒரு மாபெரும் சூரியனாக உதித்தது. நான் வாய்விட்டு "ஹா" என்றேன். பையனுக்குக் காது வரை சிரிப்பு.

"ஐடியா என்னோடது இல்ல சார்" என்று உடனே உண்மையைச் சொன்னான். ரியோதா குவாகுபோ என்கிற ஜப்பான் கலைஞர் 2010-ல் செய்தது. பென்சில், துணி கிளிப், கூடை என்று வீட்டில் உருளும் சாமான்களுக்கு நடுவே விளக்கு வைத்த சின்ன ரயிலை ஓட்டி, ஓர் அறைச் சுவரையே நகரமாக்கியவர் அவர். "வீடியோல பாத்துட்டு ரெண்டு நாள் தூங்கல. அப்புறம்தான் தோணுச்சு, நம்ம ஊர் கொலுவுல வருஷா வருஷம் பார்க் கட்டி ரயில் விடறோமே, நமக்கு எதுக்கு ஜப்பான் சாமான்? மாமி சமையலறை போதுமே."

ஒளி எவ்வளவு சின்னதோ, நிழல் அவ்வளவு கூர்மையாம். முதலில் மாட்டிய பெரிய பல்பில் இட்லித் தட்டு வெறும் பூசணிக்காயாகத் தெரிந்ததாம். இதற்கு மேல் அவன் சொன்ன மின்சாரக் கணக்கு எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கும் வேண்டாம்.

இரண்டாவது சுற்று விட்டான். மேம்பாலம் வந்தது, அடுக்குமாடி வந்தது, கடைசி வளைவில் சூரியனைக் காணோம். வெறும் சுவர். பையன் பதறி எழுந்து விளக்கைப் போட்டான். ஜல்லிக்கரண்டி நின்ற இடத்தில் டேப் மட்டும் ஒட்டியிருந்தது. கொல்லைப்புறத்திலிருந்து அப்பளம் பொரியும் வாசனை.

"மாமீ! அது ஒர்க்!"

"என்ன ஒர்க்? கரண்டி இல்லாம அப்பளத்தை விரலாலயா எடுப்பா? மணி பத்தரை ஆகப் போறது, ஆறு பேர் சாப்பிடணும். பொரிச்சுட்டுத் தரேன், அதுக்குள்ள உங்க ஊருக்கு ஒண்ணும் ஆயிடாது."

அந்த நகரம் இருபது நிமிடம் சூரியன் இல்லாமல் இருந்தது. கரண்டி திரும்பி வந்தபோது எண்ணெய் சொட்டியது. துடைத்து, பழைய இடத்தில் ஒட்ட அரை மணி. அப்பளம், சொல்லியே ஆக வேண்டும், பிரமாதம்.

கூடத்தில் இதற்குள் ஒரு சண்டை ஆரம்பித்திருந்தது. ஒயர்களை மறைப்பதா, விடுவதா? ஒரு கட்சி கறுப்புத் துணி போட்டு மூட வேண்டும் என்றது. இன்னொரு கட்சி, தெரியட்டும் என்றது. தெரியட்டும் கட்சி லண்டன் வரை போய்ச் சாட்சி கொண்டுவந்தது: 2003-ல் டேட் மாடர்ன் கூடத்தில் ஓலாஃபர் எலியாசன் ஒரு பிரம்மாண்ட சூரியனை ஏற்றினார். உண்மையில் அது அரை வட்ட விளக்குகள்தான், மீதி அரை வட்டத்தைக் கூரையில் ஒட்டிய கண்ணாடி கொடுத்தது. ஜனங்கள் தரையில் மல்லாந்து படுத்துக் கூரையில் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். பின்னால் போய்ப் பார்த்தால் விளக்கு, ஒயர் எல்லாம் பச்சையாகத் தெரியும், அவர் எதையும் மூடவில்லை. "தந்திரம் தெரிஞ்சும் ஜனங்க ரசிச்சாங்கல்ல?"

எலக்ட்ரீஷியன் அண்ணன் ஏணி மேலிருந்து தீர்ப்புச் சொன்னார்: "லண்டன்ல கொயந்தைங்க ஒயரைப் புடிச்சு இழுக்காது. இங்க இழுக்கும். மூடு."

மூடினார்கள். எனக்கு வருத்தம்தான். மேடைக்குப் பின்னால் வந்தவனுக்கு ஒயர்தானே விருந்து.

சரி, முன்ஜன்னல் கேமராவுக்கு வருவோம். தெருவைப் பார்த்து ஒரு கேமரா, உள்ளே ஒரு டிவி. தெருவில் எது போனாலும் கம்ப்யூட்டர் அதைச் சுற்றி ஒரு பச்சைப் பெட்டி போட்டு, மேலே பெயர் எழுதுகிறது. பெயர்களைத் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த கால் மணி நேரத்தில் எதிரே இஸ்திரி வண்டிக்காரரின் பலகை "அலைச்சறுக்குப் பலகை" ஆயிற்று. பக்கத்து வீட்டுத் துளசி மாடம் "தொட்டிச் செடி" ஆயிற்று, அதையாவது ஒத்துக்கொள்ளலாம். ஓர் ஆட்டோ வந்தது. "கார்" என்றது. இரண்டு அடி நகர்ந்ததும் "லாரி" என்றது. அப்புறம் குழம்பிப்போய்ப் பெட்டியையே எடுத்துவிட்டது. ஆட்டோ என்று ஒரு வார்த்தை அதன் வாயில் வரவே இல்லை.

வரவும் வராது. இந்த வகைப் பொறிகளில் பலவற்றுக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது 2014-ல் வெளியான 'கோகோ' என்ற படத்தொகுப்பு. அதில் 80 வகைப் பொருள்கள் இருக்கின்றன. ஒட்டகச்சிவிங்கி உண்டு, வரிக்குதிரை உண்டு, பனிச்சறுக்குப் பலகை உண்டு, டோனட், பீட்சா உண்டு. ஆட்டோ இல்லை. அந்தத் தட்டு வடை எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். வடையை நீட்டினால் "டோனட்" என்கிறது, அதுவும் எவ்வளவு தன்னம்பிக்கையோடு! தோசையை விரித்தால் "பீட்சா". குத்துவிளக்கைக் காட்டியபோது ஏதோ பூச்சாடி என்றது, எங்கிருந்தோ மாமி "சிவசிவா" என்றார். மாடு வந்தபோது மட்டும் "மாடு" என்று சரியாகச் சொன்னது. வீடே கைதட்டியது. மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த அறையின் பொறுப்பாளன் கும்பகோணத்துப் பையன். முன்னால் ஊரிலேயே உட்கார்ந்து வெளிநாட்டு வேலை பார்த்தவன்: திரையில் வரும் படங்களில் இருக்கும் பொருள்களைச் சுற்றிச் சுட்டியால் பெட்டி வரைய வேண்டும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் எத்தனையோ பேர் செய்கிற வேலை இது. "தினமும் நூத்துக்கணக்குல தீயணைப்புக் குழாய்க்குப் பெட்டி போட்டிருக்கேன் சார், அமெரிக்காக்காரன் ரோட்டோரம் செவப்பா குட்டையா நிக்குமே, அது. இன்னி வரைக்கும் நேர்ல ஒண்ணு பாத்ததில்ல." இப்போது அந்த வேலையைத் தன் ஊருக்காகச் செய்கிறான். லஸ் கார்னரில் நாள் கணக்கில் நின்று அறுநூறு ஆட்டோ படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெட்டி போட்டு, பொறிக்கு ஆட்டோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். காட்சி நடக்கும் பத்து நாளும் அது கற்றுக்கொண்டே இருக்குமாம். முதல் நாள் உளறல், கடைசி நாள் தெளிவு என்பது திட்டம்.

லஸ்ஸில் ஓர் ஆட்டோக்காரர் இவனை விசாரித்தாராம். இந்த மெஷினுக்கு ஆட்டோன்னா என்னன்னே தெரியாதுண்ணே, சொல்லித் தர்றேன் என்றிருக்கிறான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லிக் குடு தம்பி. மீட்டர் போடச் சொல்லி மட்டும் சொல்லிக் குடுத்துராத" என்றாராம்.

கடைசி அறைக்கு வந்துவிட்டோம். இதற்காகத்தான் உங்களைக் கூட்டிவந்தேன்.

அரிசி மூட்டை வைக்கிற உள். ஒரே ஒரு ஜன்னல், அதற்கு எதிரே இரண்டு மீட்டர் தள்ளி வெள்ளையடித்த சுவர். ஜன்னலையும் கதவிடுக்கையும் கறுப்பு பாலிதீன் ஷீட்டால் மூடி, டேப்பை அழுத்தி அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். ஷீட்டின் நடுவே இரண்டு ரூபாய் நாணயம் அளவில் ஓர் ஓட்டை. அவ்வளவுதான், கரன்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. உள்ளே போனோம். கதவை மூடினாள் என் அக்கா மகளின் தோழி. கும்மிருட்டு. சுண்ணாம்பு வாசனை, பாலிதீன் சூடு. ஃபேன் போட்டால் ஷீட் படபடக்கும் என்று அதையும் நிறுத்தியிருந்தார்கள். கழுத்திலிருந்து வியர்வை முதுகுத்தண்டில் இறங்கும் பாதை எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்தது.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க அங்கிள். கண்ணு பழகணும்."

ஒன்றும் தெரியவில்லை. ஒரு நிமிடம். இருட்டில் யாரோ தும்மினார்கள். இரண்டு நிமிடம். நம்மை வைத்து விளையாடுகிறார்களோ என்ற சந்தேகம். மூன்றாவது நிமிடத்தில் சுவரில் ஏதோ நீலமாக ஊறியது. அது வானம். நம் காலடியில்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. தெரு மேலே கூரையோரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து வேப்பமரம் கீழ்நோக்கித் தொங்குகிறது, ஒவ்வோர் இலையும் அசைகிறது. மேலே சக்கரமும் கீழே கூரையுமாக ஓர் ஆட்டோ நிற்கிறது. பின்சீட்டில் காலை வெளியே நீட்டித் தூங்கும் ஓட்டுநரும் அப்படியே தலைகீழ். மொட்டை மாடியில் ஓர் அம்மாள் புடவை உலர்த்துகிறார். அது காற்றில் மேல்நோக்கி விழுகிறது. ஆமாம், மேல்நோக்கி விழுகிறது, வேறு எப்படிச் சொல்ல? தூரத்தில் மெட்ரோ வேலையின் கிரேன், வௌவால் மாதிரி தொங்குகிறது. திடீரென்று இடுப்பு உயரத்தில் ஒரு கோடு நகர்ந்தது. பறக்கும் ரயில்! வலது இடது மாறி, கூரை கீழாக, திருமயிலை ஸ்டேஷனை நோக்கிச் சத்தமில்லாமல் வழுக்கிப் போயிற்று. இரண்டு விநாடி கழித்து அதன் கடகடப்பு மட்டும் நேராக, வழக்கம்போல், காதுக்கு வந்தது.

நான் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் செய்தி.

ஒளி நேர்கோட்டில் போகும், சின்ன ஓட்டை வழியே போகும்போது மேலிருந்து வருவது கீழே விழும், கீழிருந்து வருவது மேலே ஏறும். பள்ளிக்கூடப் பாடம்தான். ஆயிரம் ஆண்டுக்கு முன் இப்னு அல் ஹைதம் இருட்டறையில் இதை ஆராய்ந்தார். அமெரிக்காவில் அபெலார்டோ மோரெல் 1991 முதல் ஹோட்டல் அறை, படுக்கையறையை எல்லாம் இப்படி இருட்டாக்கி, சுவரில் விழுந்த ஊர்களைப் படம் பிடித்தார். ஆனால் இந்தப் பெண்ணுக்குப் பொறி தட்டியது ஹம்பியில். ஸ்கூல் டூரில் விரூபாக்ஷர் கோயிலுக்குப் போனபோது, ஓர் இருண்ட அறைச் சுவரில் ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக விழுவதைக் காட்டியிருக்கிறார்கள். "எல்லாரும் அடுத்த சந்நிதிக்குப் போயிட்டாங்க. நான் அங்கேயே நின்னுட்டேன். டீச்சர் காதைத் திருகி இழுத்துட்டுப் போனாங்க."

முதலில் வைத்த ஓட்டை பெரியது. வெளிச்சம் கொட்டியது, படம் கலங்கலாக இருந்தது. சின்னதாக்கினால் படம் தெளிந்தது, இருண்டுபோயிற்று. இரண்டும் வேண்டுமே! பக்கத்துக் கண்ணாடிக் கடைக்குப் போய் பிளஸ் அரை பவரில் ஒரு லென்ஸ் கேட்டிருக்கிறாள். சுவர் இரண்டு மீட்டரில் இருந்தால் அந்தப் பவர்தான் பொருந்தும்.

"பவர் யாருக்கும்மா?"

"சுவருக்கு."

கடைக்காரர் அசரவில்லையாம். "வயசென்ன?" என்று கேட்டாராம். "தொண்ணூறு இருக்கும்." "பின்னே, கண்ணாடி போடாம என்ன பண்ணும்" என்று சொல்லி, லென்ஸை ஓட்டைக்குப் பொருந்துகிற மாதிரி தேய்த்தும் கொடுத்திருக்கிறார்.

இந்தப் படம் கிடைத்ததில் ஒரு விசித்திரம் உண்டு. எதிரே இரண்டு வீடுகள் இருந்தன. போன வருஷம் இடித்தார்கள், மனை காலியாகக் கிடக்கிறது. அவை நின்றிருந்தால் இந்த ஓட்டை வழியே ஒரு காரைச் சுவர்தான் தெரிந்திருக்கும். இடித்ததால் ரயில் தெரிகிறது. இன்னும் ஒரு வருஷத்தில் அங்கேயும் ஃபிளாட் எழும்பிவிடும், அப்போது இந்த வீடே இருக்காது. 1997-ல் திருமயிலைக்கு வந்த பறக்கும் ரயில் தலைக்கு மேலே போகிறது. காலுக்குக் கீழே மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஏறக்குறைய 119 கிலோமீட்டரில் ஒரு துண்டு தோண்டப்படுகிறது. 2023 செப்டம்பரில் கலங்கரை விளக்கத்தின் அருகே மண்ணுக்குள் இறங்கிய 'ஃபிளமிங்கோ' என்ற சுரங்க இயந்திரத்தின் பாதை இந்தக் கச்சேரி சாலைக்கு அடியில்தான். மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்குகிற ஊர் இது. தலைகீழாகப் பார்த்தால் மேல் எது, கீழ் எது என்ற வழக்காவது கொஞ்ச நேரம் ஒத்திவைக்கப்படுகிறது.

நாங்கள் உள்ளே இருந்தபோதே வெளியில் 'டப்' என்று ஒரு சத்தம். கூடத்தில் ஓர் ஓலம்.

ஃபியூஸ் போய்விட்டது. முழு ஒத்திகைக்காக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டிருக்கிறார்கள். பொம்மை ரயில் இட்லித் தட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது. ஸ்டூல்கள் ஊமையாயின. கேமரா டிவி கறுத்தது, பாவம், அறுநூறு ஆட்டோ. அண்ணன் பீங்கான் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, கருகின கம்பியைக் காட்டினார். "ரெண்டு ஃபேனு, ஒரு கிரைண்டரு ஓட வேண்டிய வீடு சார் இது. இதுல பாதி ரிச்சி ஸ்ட்ரீட்டையும் சொருகினா?" தனி லைன் இழுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றார்.

செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், ஒவ்வொருவராக அரிசி உள்ளுக்கு வந்து சேர்ந்தார்கள். வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரே காட்சி அதுதான். வெயில் இருக்கும் வரை அதற்கு ஃபியூஸ் போகாது. டீப் பையன் டம்ளர்களோடு வந்தான். ஆறு பேர், அண்ணன், பேப்பர்காரர், நான், எல்லோரும் இருட்டில் தோளோடு தோள் உரசி, வியர்வையும் இஞ்சி டீயும் மணக்க நின்றோம். அண்ணன் குனிந்து, கால் இடுக்கு வழியே தலையை விட்டுப் பார்த்து, "நேராத் தெரியுது!" என்று கூவினார். அப்புறம் வரிசையாக எல்லோரும் குனிந்தோம். பச்சை வட்டத்தோடு நானும்.

மாமி அன்றுதான் முதல் முறையாக அந்த அறைக் காட்சியைப் பார்க்க வந்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கண் பழக எங்களைவிட அதிக நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அது எதிராத்து வேப்பமரம்னா" என்றார். பிறகு: "அம்பது வருஷமா அரிசி மூட்டை வெச்சுண்டிருந்த உள்ளு. வெறும் இருட்டுன்னே நெனச்சுண்டிருந்தேன்."

ஒரு ரயில் போயிற்று. யாரும் நகரவில்லை. மேகம் வந்து வெளிச்சம் மங்கியபோதுதான் அண்ணனுக்கு ஃபியூஸ் ஞாபகம் வந்தது.

கொச்சியில் 2012-ல் பியனாலே தொடங்கியபோது ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வணிகக் கட்டடமே அதன் நெஞ்சமாயிற்று. அது இன்னும் நிற்கிறது. இந்த மயிலாப்பூர் வீட்டுக்கு அந்த யோகம் இல்லை. இதை நீங்கள் படிக்கும்போது பத்து நாளும் முடிந்து, சுவரையும் அதன் மூக்குக்கண்ணாடியையும் தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். அதனால் முகவரி தந்து பயனில்லை. வேறொன்று தருகிறேன்.

உங்கள் வீட்டில் வெயில் படும் தெருவைப் பார்த்த ஜன்னல் வைத்த ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். எதிர்ச் சுவர் வெள்ளையாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு வேட்டியை விரித்துக் கட்டுங்கள். ஜன்னலைக் கறுப்புச் சார்ட் பேப்பராலோ கெட்டி அட்டையாலோ அடைத்து, கதவிடுக்கில் துண்டைச் செருகி, நடுவில் நாணயத்தைவிடச் சின்னதாக ஓர் ஓட்டை போடுங்கள். எதிர்ப்பக்கத்தில் நல்ல வெயில் விழும் நேரமாகப் பாருங்கள். ஐந்து நிமிடம் பொறுமையாக நில்லுங்கள். போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள், அதன் வெளிச்சம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். பெயின்ட் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துவிட்டு.